வாசலுக்கு வெளியே நின்ற அப்பா

காலை ஏழரைக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "அப்பா எழுந்திரிக்கல. நீ சாப்ட்டுட்டுக் கெளம்பு" என்றார். சிதம்பரத்தில் என் வீட்டு அடுப்படியில் நின்றபடியே மூன்று இட்லி சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் கணவரிடம் சொன்னேன். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

அப்பா தேவநேசன் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் சபையின் செயலாளராகவும் பல வருடம் இருந்தார்.

2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தம்பி பிரவீன் கடற்கரையில் கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்றான். ஆராதனைக்கு நேரமாகிறது, வேண்டாம் என்று அம்மா சொன்னார். "லீவுதான, போய்ட்டு வரட்டும் வுடு" என்றார் அப்பா. அன்றுதான் கடல் ஊருக்குள் வந்தது. மூன்றாம் நாள், அப்பாதான் போய்த் தம்பியை அடையாளம் காட்டினார்.

அதற்குப் பிறகு அம்மா தேவாலயத்துக்குள் கால் வைக்கவில்லை. வீட்டில் ஜெபச் சத்தம் கேட்டால்கூட எழுந்து போய்விடுவார். அப்பா தன் ஜெபத்தைத் தோட்டத்துத் துவைக்கிற கல்லுக்கு மாற்றிக்கொண்டார். செயலாளர் மனைவியே வராவிட்டால் எப்படி என்று சபையில் பேச்சு எழுந்தது. அப்பா பொறுப்பை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

நீங்களாவது அம்மாவிடம் எடுத்துச் சொல்லக் கூடாதா என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன்.

"அவனப் போகச் சொன்னது நானு. இன்னிக்கு வரைக்கும் அம்மா என்னை ஒரு வார்த்த கேக்கல. என்மேல வர வேண்டிய கோவத்த ஆண்டவரு வாங்கிக்கிறாரு. நடுவுல பூந்து நான் என்னத்தச் சொல்றது?"

2009இல் சிதம்பரத்தில் எனக்குத் திருமணம் நடந்தது. அம்மா தேவாலய வாசலோடு நின்றுவிட்டார். அப்பா என்னைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தார். முன்வரிசையில் அவருக்கென்று இடம் இருந்தது. உட்காராமல் திரும்பி வெளியே நடந்தார். தாலி கட்டி ஆசீர்வாதம் சொல்லி முடியும்வரை இருவரும் வெயிலில் நின்றிருக்கிறார்கள். பந்தியில் நான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புறப்படும்போது அவரே வந்தார்.

"உன் பக்கத்துல நிக்க மாப்ள இருக்காரும்மா. அம்மாவுக்கு நான் மட்டும்தான்."

அந்தக் கோபத்தை மூன்று வருடம் வைத்திருந்தேன். அதைப் பற்றி அப்பாவிடம் மறுபடி பேசவே இல்லை.

அப்பா இறந்த அன்று பிற்பகல் போதகர் வந்தார். தேவாலயத்தில் அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். போன வருடமே அப்பா தன்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனதை அவர் அப்படியே சொன்னார்.

"எனக்கு ஆராதனைய வீட்லயே வச்சிடுங்க ஐயா. சர்ச்சுல வச்சா அவுங்க வெளிய நிக்கணும். பக்கத்துல நான் இருக்க மாட்டேன்."

வீட்டுக் கூடத்தில்தான் வைத்தோம். எல்லோரும் பாடினார்கள். அம்மா பாடவில்லை. பெட்டியின் விளிம்பில் கை வைத்தபடி கடைசி ஆமென் வரை நின்றார்.

அம்மா இப்போது சிதம்பரத்தில் என்னோடு இருக்கிறார், அப்பா. போன ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தோம். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.