தோஸ்தின் முட்டிவலி

இடுப்பு மூட்டை மாற்றி வைத்த பிறகு ஆளாளுக்கு என்னிடம் கேட்டது, இந்த வயதில் ஓடாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்றுதான். அவர்களுக்கு என்ன தெரியும்? நான் ஓடினால்தான் என் தோஸ்து ஓட முடியும்.

துறைமுகத்தில் என்னோடு கப்பலில் கண்டெய்னர்கள் நகராமல் கட்டும் வேலை பார்த்தவன். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதன்பிறகு தினமும் விடியற்காலையில் வலைக்கயிறு ஒன்றை அவன் மணிக்கட்டிலும் என் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு, திருவொற்றியூரிலிருந்து டோல்கேட் வரை ஓடுவோம். பள்ளம், நாய், லாரி எல்லாம் நான் சொல்லச் சொல்ல வருவான். நாள் முழுக்கக் கட்டிலில் கிடக்கிற மனுஷன் அப்போது மட்டும்தான் வாய்விட்டுப் பேசுவான்.

ஆபரேஷனுக்குப் பின் மாலையானால் சுவரைத் தடவிக்கொண்டே எதிர்வீட்டிலிருந்து வந்துவிடுவான். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துக் காலை உயர்த்துவது, ரப்பர் பட்டையை முழங்காலில் மாட்டி இழுப்பது என்று என் உயிரை வாங்குவான்.

"இன்னா மாமு, அதுக்குள்ள நடுங்குது? இன்னும் தூக்கு" என்பான், என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு. பாதி தூக்கிவிட்டு முழுசாகத் தூக்கியதாகச் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவான்.

பிசியோதெரபி பெண், மெத்தென்ற தரையில் மெதுவாக ஆரம்பியுங்கள் என்றாள். அவள் சொன்னது புல் மைதானத்தை. கடலோரத்தில் பிறந்த எனக்கு மெத்தென்றால் மணல்தான். கரை சரிந்திருக்கும், ஒரு கால் தாழவே விழும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஒரு காலையில் கயிற்றைக் கட்டி அவனை அங்கே கூட்டிப்போனேன். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் ஓடினோம். பிறகு இடுப்பில் சுளீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். அவன் சட்டென்று நின்றான்.

"இன்னாடா?"

"முட்டி வலிக்குது மாமு. இனிமே ஓட்டம்லாம் வோணாம்."

கயிறு வழியாக என் நொண்டல் அவனுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரும் என் இடுப்பைப் பார்த்துவிட்டு, நான் இனி ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு யாரோடாவது ஓடு என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "முட்டிதான் போச்சே" என்பான்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான். முட்டி இரண்டும் இடுப்பு உயரத்துக்கு எழும்பின. பனியன் நனைந்திருந்தது. என் தடி தரையில் பட்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"முட்டி எப்டி கீது?" என்று கேட்டேன்.

"அப்டியேதான் கீது மாமு" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே.