கணக்குத் தப்பிய கயிறு

பொன்னேரியில் ஆங்கிலம் கற்பித்துப் பிழைக்கிறேன். ‘ஃபேதம்’ (fathom) என்ற வினைச்சொல் வந்தால் மட்டும் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். ஒன்றை ஆழம்வரை புரிந்துகொள்வது என்று பொருள் சொல்லிவிடுவேன். கப்பல்காரர்கள் கடலின் ஆழத்தை அளந்ததிலிருந்து வந்தது என்பதையும் சொல்வேன். அதற்கும் முன்னால், இரு கைகளையும் விரித்து அணைத்துக்கொள்வதுதான் அதன் பொருளாம். அதை வகுப்பில் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் மீனவ ஊரான பசியாவரத்தில், விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம். கயிறு, வலை, தண்ணீரின் ஆழம் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. கடைக்காரர் அளந்து கொடுத்ததை யாரும் நம்பமாட்டார்கள். படகில் போகிறவர் தன் கையால் மறுபடி அளந்தாக வேண்டும்.

அம்மா காய்ச்சலில் இறந்தபோது எனக்கு ஏழு வயது. நைனா என்று நான் கூப்பிடும் அப்பா அழவில்லை, பேச்சைத்தான் நிறுத்திவிட்டார். கடலுக்குப் போவார், வருவார், வலையைப் பிரிப்பார். ஒரே வீட்டில் இருந்தும் நான் அநாதையாகத்தான் இருந்தேன். சோறு போட்டது பக்கத்து வீட்டு அத்தை, நைனாவின் அக்கா.

ஒரு மாலை நைனா புது நங்கூரக் கயிற்றைக் கரையில் போட்டு, கைகளை அகல விரித்தார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடிப்போய் மார்பில் விழுந்தேன். கயிறு நழுவியது. விரிந்த கைகள் அப்படியே நின்றன. பிறகு மெல்ல என் முதுகில் இறங்கின.

“இன்னாம்மா இது, கணக்கு போச்சே,” என்றார். அம்மா போன பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாளும் அதே கயிற்றை அளந்தார். ஓடினேன், கணக்குப் போயிற்று. அதற்கடுத்த நாளும் அதே கதைதான். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

“அந்தக் கயித்த எத்தினி வாட்டிடா அளப்ப? தெனம் வளருதா இன்னா?” என்று நைனாவைக் கேட்டாள். பிறகு என்னைத் தனியே பிடித்துக்கொண்டாள். “குறுக்க ஓடாதடி. கணக்கு தப்புனா நங்கூரம் தரை தொடாது. படகு இழுத்துக்கினு போயிடும். அப்பறம் நைனாவும் இல்லாம நிப்ப.”

பயந்துவிட்டேன். அன்று மாலை படகுக்கு அந்தப் பக்கம் நின்று, கால்விரல்களை மணலில் புதைத்துக்கொண்டு என்னை அடக்கிக்கொண்டேன். நைனா கைகளை விரித்தார். என் பக்கம் பார்த்தார். சற்று நின்றுவிட்டு அடுத்த பாகத்துக்குப் போனார். ஒவ்வொரு பாகத்துக்கும் அப்படித்தான். கடைசிவரை கணக்குத் தப்பவில்லை. கயிற்றைச் சுருட்டிப் படகில் போட்டுவிட்டு, ஏரியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அளவு சரியாக வந்த நிம்மதி என்று நினைத்தேன். என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன். அதன் பிறகு அவர் அந்தக் கயிற்றை அளக்கவே இல்லை.