கைகழுவல் பட்டியல்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு டபுள்செக் அக்கா என்று பெயர். வைத்தவன் நான்தான். ஒரு மின்னஞ்சலை அனுப்பும் முன் இரண்டு முறை படிப்பார். அனுப்பிய பிறகு மூன்றாம் முறை படித்து முகம் வெளிறுவார். பிற தளங்களிலிருந்து இணைப்பு வாங்குவது அவர் வேலை. நல்ல தளங்கள் நம் வாடிக்கையாளரின் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால், தேடுபொறி அதை மேலே தூக்கி வைக்கும். கேட்க எளிதுதான். முன்பின் தெரியாதவர்களிடம் போய் "உங்க பக்கத்துல எங்களப் பத்தி ஒரு வரி போடுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். அவர் அதை ஒன்பது வருடம் செய்தார், ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே.

அவர் கையில் இருந்த வாடிக்கை நிறுவனங்களிலேயே சின்னது, செயற்கைக் கால் செய்யும் ஒரு அம்மாவின் பட்டறை. அந்த அம்மாவும் நான்கு ஆட்களும், அவ்வளவுதான். காலை இழந்தவர்கள் தேடும்போது அந்தத் தளம் கண்ணில் பட்டால்தான் பட்டறைக்கு ஆள் வரும். அக்கா எலும்பு மருத்துவர்கள், விபத்தில் பிழைத்தவர்களின் சங்கங்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துப் பேசி, மூன்று வருடத்தில் நாற்பத்து மூன்று இணைப்புகள் சேர்த்தார். ஏழாம் பக்கத்தில் கிடந்த தளம் முதல் பக்கத்துக்கு வந்தது.

அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் சூதாட்டத் தளங்களிலிருந்து அதற்கு நூற்றுக்கணக்கில் குப்பை இணைப்புகளைக் கொட்டிவிட்டான். அவற்றைப் பார்த்தால் தேடுபொறி தளத்தைக் கீழே தள்ளிவிடும். இதற்கு மருந்து உண்டு. "இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், பொருட்படுத்தாதே" என்று தேடுபொறிக்கு ஒரு பட்டியல் ஏற்றலாம். நாங்கள் அதைக் கைகழுவல் பட்டியல் என்போம்.

"நல்லது ஒண்ணுகூட அதுல கலந்துடக் கூடாதுப்பா" என்று அக்கா அந்த நாற்பத்து மூன்றையும் தனிக் கோப்பில் எடுத்துப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டார். இரண்டு முறை. என்னையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பிறகு ஏற்றினார், குப்பைக் கோப்புக்குப் பதில் நல்ல கோப்பை.

பன்னிரண்டாம் நாள் காலை தளம் நான்காம் பக்கத்தில் இருந்தது. எந்தக் கோப்பு போயிருக்கிறது என்று திறந்து பார்த்தவர் என் தோளைப் பிடித்தார். சரியாகப் பார்க்காமலே "சரியா இருக்குக்கா" என்று தலையாட்டியவன் நான். சரியான பட்டியலை உடனே மாற்றி ஏற்றினோம். ஆனால் தேடுபொறி எல்லாவற்றையும் மறுபடி பார்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம்.

மேலாளர் கதவைச் சாத்தினார். "தேடுபொறிக்காரங்க விதிய மாத்திட்டாங்கன்னு சொல்லிடுங்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது? வாயத் தொறந்தா மாட்டறது நாமதான்." நானும் ஆமாம் போட்டேன்.

மதியம் பட்டறை அம்மாவே அழைத்தார். நான்தான் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"பத்து நாளா ஒரு போன்கூட வரல. போன வாரம் முகப்புல படத்த மாத்தினேன், அதனாலயா? நான்தான் ஏதோ கெடுத்துட்டேனா? நாளையிலேர்ந்து ரெண்டு பேர வர வேண்டாம்னு சொல்லணும். சொல்ல வாய் வரல."

அக்கா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் உதடு கோணியது.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. பண்ணினது நான்." கோப்பு மாறியதிலிருந்து எல்லாவற்றையும், பாதி மூச்சில், திக்கித் திக்கிச் சொன்னார். என் பெயரை மட்டும் சொல்லவில்லை.

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. இதோ விழப்போகிறது திட்டு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த நாப்பத்திமூணு பேரோட நம்பரும் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கும்மா."

"அனுப்புங்க. நானே பேசி, கால் வேணுங்கறவங்கள எங்ககிட்ட அனுப்பச் சொல்றேன். இனிமே தளத்த நீங்க தொட வேண்டாம்."

"சரிம்மா."

"உங்க பேரச் சொன்னா அவங்க பேசுவாங்கல்ல?"

அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அந்த அம்மா மறுபடி கேட்டார். நான்தான் தொலைபேசிப் பக்கம் குனிந்தேன்.

"பேசுவாங்கம்மா. எல்லாரும் பேசுவாங்க."