மானுக்கு ஊற்றாத மருந்து

எண்பதுகளில் அரூர்ப் பக்கம் காட்டோரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் வனத்துறையில் வாட்சர். மழை பொய்த்த ஒரு வருஷம், தாயில்லாமல் கிடந்த பெண் மான்குட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ரேஞ்சரிடம் சொல்லிவிட்டாராம், கொஞ்சம் வளர்ந்ததும் காட்டில் விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. நான் ஆட்டுப்பால் புகட்டினேன். பட்டியில் எங்கள் ஆடுகளோடு படுத்தது, அவை மேய்ந்த இடத்திலேயே மேய்ந்தது.

"ஏக்கா, உங்கூட்டு மானு நீ கூப்புட்டா ஆடாட்டம் ஓடியாருது" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. என்னைக் கண்டு ஓடிவர வேறு யார் இருந்தார்கள்?

ஐப்பசியில் ஒருவழியாக மழை விழுந்தது. மழைப் புல் துளிர்த்தால், அதை மேயும் ஆடுகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து ஊற்றியாக வேண்டும். வாயைப் பிளந்து மூங்கில் குழாயால் ஊற்றினால் இரண்டு நாளைக்கு ஆடு நம் பக்கமே வராது; கையை நீட்டினால் விலகி ஓடும். எல்லா ஆட்டுக்கும் ஊற்றினேன். மானின் முறை வந்தபோது குழாயைக் கீழே வைத்துவிட்டேன். அதுவும் என்னைக் கண்டு ஓடுமே என்ற பயம். அவ்வளவுதான் காரணம், வேறு சாக்கு எதுவும் கிடையாது.

அதன் வயிறு மெல்ல உப்பியது. ஆட்டுக்கு உப்பியிருந்தால் பார்த்ததுமே பூச்சி என்று சொல்லியிருப்பேன். மானுக்கோ, நான் வைத்த ராகிக் கஞ்சி உடம்பில் ஒட்டுகிறது என்று பூரித்துப்போனேன். புத்தி கெட்டவள்.

தை மாசம் கொண்டுபோய் விட்டோம். குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வரும் மான் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. மனசு கேட்காமல் தினமும் காலையில் அவரோடு போய்த் தூரத்தில் நின்று பார்ப்பேன். பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு செந்நாய்கள் புதரிலிருந்து வந்தன. கூட்டம் ஒரே பாய்ச்சலில் மேட்டில் ஏறிவிட்டது. என்னுடையதும் ஓடியது, ஒரு ஐம்பது அடி. அப்புறம் கால் பின்னியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அதைவிடச் சின்னக் குட்டிகளெல்லாம் அதைத் தாண்டிப் போயின. கத்திக்கொண்டே ஓடினோம். அவர் கம்பை வீசி நாய்களை விரட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குனிந்து அதன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய சதை வெளுத்துக் கிடந்தது.

"ஒடம்புல ரத்தமே இல்ல புள்ள. பூச்சி உறிஞ்சிட்டிருக்குது. ஓடறதுக்கு எங்கிருந்து தெம்பு வரும்?" என்றவர் என்னைப் பார்த்தார். "ஆட்டுக்கு ஊத்துனப்ப இதுக்கும் மருந்து ஊத்துன இல்ல?"

"ஊத்துனேங்க" என்றேன்.

"அப்பறம் என்ன பண்றது. பெத்தவளாட்டம்தான் பாத்த. அழுவாத வுடு" என்று என் தலையைத் தடவினார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்த மானைப் பற்றிப் பேச்சு வந்தால், நான் வளர்த்ததில் ஒரு குறையுமில்லை என்றுதான் கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.