கிணற்றடியில் வைத்த கடைசிக் கல்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், முடித்த பிறகு சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், சித்தர், அருள்வாக்கு எதையும் நம்பாத ஆள் நான். பட்டாளத்தில் வேவு பார்த்தவன். கண்ணால் காணாததைக் கண்டேன் என்று சொன்னால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் செத்தார்கள், அப்படிப்பட்ட வேலை.

வேவு என்றால் பதுங்கியிருந்து சுடுவது என்றுதான் எங்கள் ஊர் திருவண்ணாமலையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சுடாமல் இருப்பதுதான் வேலையே. படைக்கு முன்னால் போய், வழி எப்படி, தண்ணீர் எங்கே, எதிரி எங்கே என்று பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். திரும்பி வராவிட்டால் பார்த்ததெல்லாம் வீண்.

என் தங்கை வள்ளியின் புருஷன் ஏழுமலைக்கும் அதே வேலைதான். எங்கள் இருவருக்குள் ஓர் அடையாளம் உண்டு. முன்னால் போகிறவன் தட்டைக் கல்மேல் சின்னக் கல் ஒன்றை வைத்துவிட்டுப் போவான், இதுவரை வழி சரி என்று அர்த்தம். பின்னால் வருகிறவன் சின்னக் கல்லைத் தரையில் வைத்துவிட்டுத் தட்டைக் கல்லைக் குப்புறப் போட வேண்டும், அந்த அடையாளம் எதிரிக்கு உதவக்கூடாது அல்லவா. ஏழுமலை இடதுகைக்காரன், சின்னக் கல்லை எப்போதும் இடப்பக்கம்தான் வைப்பான்.

சீனச் சண்டையில் காலில் அடிபட்டு என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என் பின்னாலேயே தந்தி வந்தது, ஏழுமலையைக் காணவில்லை என்று. நாளாக ஆக, வள்ளியின் மாமியார் வீட்டில் பொட்டை அழிக்கச் சொல்லிப் பேச்சு எழுந்தது. அவள் அழவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணா, மலைய சுத்திட்டு வா."

"எனக்கு வேண்டுதல்லாம் வராதும்மா."

"வேண்டிக்கச் சொல்லல. உன் வேலைய செய். அவருக்கு வழி போட்டுட்டு வா."

பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே போனேன். கிரிவலம் போகிறவர்கள் பாதையின் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள், மலையை ஒட்டிய வலது ஓரம் சித்தர்களுக்காம். அங்கே யார் காலும் படாது என்பதால் அந்த ஓரத்திலேயே, ஒவ்வொரு திசை லிங்கத்துக்கும் எதிரில் கல் வைத்தேன். அடி அண்ணாமலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "யோவ், அது சாமிங்க நடக்குற பக்கம்யா!" என்று அதட்டினாள். "அவங்களுக்கும் சேத்துதான் வழி போடறேன்" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டு நடந்தேன். கடைசிக் கல்லை எங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பின்னால் வைத்தேன். வள்ளிக்குக்கூட அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன், வைத்ததைக் காட்டலாமென்று. நம்பினால் நம்புங்கள், ஒன்று விடாமல் எல்லாத் தட்டைக் கல்லும் குப்புறக் கிடந்தன, சின்னக் கல் இடப்பக்கம். மாடு மிதித்தால் சிதறிக் கிடக்கும், இப்படி எடுத்து வைக்காது. நான் காலடித் தடம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். வள்ளியோ குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துட்டிருக்காருண்ணா."

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் போய்ப் பார்த்தேன். அந்தக் கல் மட்டும் வைத்தபடியே இருந்தது.

பொங்கல் கழிந்து ஏழுமலை ஜட்கா வண்டியில் வந்து இறங்கினான். பனி சில கால் விரல்களைத் தின்றிருந்தது, ஆனாலும் முழு ஆளாக வந்து நின்றான். வள்ளி வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். நானும்தான் அழுதேன், எதற்கு மறைக்க?

காப்பி குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னான்: "பனியில வழி தெரியாம சுத்திட்டிருந்தேன் மச்சான். பாத்தா ஒரு கல்லு, நீங்க வெக்கிற மாதிரியே. நீங்கதான் முன்னால போறீங்கன்னு நெனச்சு, ஒண்ணொண்ணா புரட்டிப் போட்டுட்டு பின்னாலயே வந்துட்டேன். அது சரி, அவ்ளோ பனியில கல்லு எப்டி மச்சான் சுடும்?"

அவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, யாரையும் ஒன்றும் கேட்காமல் நேரே கிணற்றுக்குப் பின்னால் போனான். உட்கார்ந்து, இடதுகையால் சின்னக் கல்லை எடுத்து வைத்துவிட்டு, தட்டைக் கல்லைப் புரட்டிப் போட்டான்.

"இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு" என்றான்.

கல் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. வீட்டில் எத்தனையோ இடம் இருக்க, மார்கழிக் குளிரில் எங்கள் பூனை அதன்மேல்தான் போய்ப் படுத்துக்கொள்கிறது.