வளைவில் கட்டியிருந்த தொட்டில்

கொஸ்லந்தைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்திலிருந்து ஹப்புத்தளை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப் போகும் லொறியை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் அதே பாதையில் மாட்டு வண்டி ஓட்டியவன். பள்ளத்தைக் கண்டால் மாடு தானாக நிற்கும், லொறி நிற்காது. இது தெரிந்தும், அரிசி மூட்டைகளோடு இறக்கத்தில் திரும்பி வரும்போது வண்டியை அதன் போக்கில் விட்டுவிடுவேன். காற்று முகத்தில் அடிப்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த இறக்கத்தில் ஒரு மோசமான வளைவு உண்டு. அங்கே சிவப்புப் பலகை ஒன்றை நட்டிருந்தார்கள். மேலே இங்கிலீஷ் எழுத்து, கீழே மண்டையோடு. முதல் நாள் பார்த்தபோது வேகத்தைக் குறைத்தேன். பத்தாம் நாள் அது பக்கத்திலிருந்த மரங்களில் ஒன்றாகிவிட்டது. பிறகு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. எனக்கா ஓட்டத் தெரியாது என்று இன்னும் கொஞ்சம் வேகமாகத் திருப்புவேன். வேறு தோட்டத்து லொறி ஒன்று அங்கே கவிழ்ந்து டிரைவர் செத்தபோது எல்லோரும் இரண்டு வாரம் மெதுவாகப் போனோம். அதன் பிறகு, அவன் குடித்திருப்பான், பிரேக்கைப் பார்த்திருக்க மாட்டான் என்று ஆளுக்கொரு குறை சொன்னோம். செத்தவனிடம் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் நமக்கு அது வராது என்று ஒரு தைரியம். நானும்தான் சொன்னேன்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் ரோட்டு வேலைக்காரர்கள் வளைவுக்கு அப்பால் கல் உடைக்க வந்தார்கள். ஒரு நாள் லொறி சூடேறி வளைவுக்கு மேலே நின்றுவிட்டது. தண்ணீர் கேட்டு இறங்கிப் போனேன். கல் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வாளியில் கொண்டுவந்து தந்தாள். இருபது வயதுக்குமேல் இருக்காது. நான் திரும்பும்போது கூடவே வந்தாள். பலகையைக் காட்டி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மெதுவாகப் போகச் சொல்கிறது என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க அண்ணே. நெழலு அந்த ஒரு மரத்துலதான் இருக்கு. புள்ளைய அங்கதான் தொட்டில்ல போட்டிருக்கேன். வளைவுக்கு முந்தி ஒரு தடவ ஹோர்ன் அடிச்சீங்கன்னா ஓடிப்போய்த் தூக்கிக்குவேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வாளியைத் திருப்பிக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். பாதை ஓரத்து மரத்தில் பழைய சேலைத் தொட்டில் ஒன்று தொங்கியது. முந்தைய நாட்களில் எத்தனை முறை அதை உரசுவதுபோலப் போயிருப்பேனோ.

மறுநாளிலிருந்து ஹோர்ன் அடித்தேன். அந்தக் காலத்து ஹோர்ன் ரப்பர் குமிழைக் கையால் அமுக்குவது. ஒரு கையை எடுக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வளைவைத் தாண்டும்போது அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையசைப்பாள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர்கள் வேலைக்கு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் பழையபடியே ஓட்டினேன். பிறகு கை தானாகவே குமிழுக்குப் போகப் பழகிவிட்டது.

கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் இறங்கி வருகிறேன், முன்னால் பத்தடி தெரியாத மூடுபனி. இந்த மழையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தாலும் வழக்கம்போல வேகத்தைக் குறைத்து ஹோர்ன் அடித்தேன். பனிக்குள்ளிருந்து தலையில் சாக்கு போட்ட ஓர் உருவம் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவள்தான். பிரேக்கை மிதித்தேன். லொறி அவளுக்கு நாலு முழம் முன்னால் நின்றது.

மூச்சு வாங்கியதில் அவளால் பேச முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். வளைவுக்கு அப்பால் மலை சரிந்து, காலையில் நான் ஏறி வந்த பாதையில் பாதியைக் காணோம். ஆண்கள் கங்காணியிடம் சொல்ல ஓடியிருந்தார்கள். பெண்கள் பாறைக்கடியில் ஒதுங்கியிருந்தார்கள். ஹோர்ன் சத்தம் கேட்டதும் பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு இவள் ஓடி வந்திருக்கிறாள்.

நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அவளைக் கும்பிட்டேன். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"நீங்க சத்தங்குடுத்ததுனாலதாங்க தெரிஞ்சிச்சு. இல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

பாதையைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. லொறி மறுபடி ஓடத் தொடங்கியபோது அவர்களை வேறு மைல்கல் பக்கம் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். விசாரித்துக்கொண்டு போய், என் மனைவி தைத்துக் கொடுத்த சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பெரிதாக இருந்தது. வளருவான் என்று சொல்லி அந்தப் பெண் சிரித்தாள்.

மற்ற டிரைவர்களிடம் நான் மண்டையோட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் அப்பால் யார் வேலை செய்கிறார்கள், எங்கே பிள்ளைகளைப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்வேன். கேட்டவர்களில் பாதிப் பேராவது ஹோர்ன் அடித்தார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த மலைகளில் ஓட்டினேன். ஒருவர் மேலும் என் லொறி பட்டதில்லை. எனக்கு நல்ல கை என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெண் என்னிடம் வாய் திறந்து கேட்டாளே, அந்தப் புண்ணியம் அது.