சுத்தபோசனமும் அண்ணனின் வலது காலும்

“4-4-1985, பெரிய வியாழன். அண்ணன் வலது காலை நீட்டினார்.” என் டைரியில் அன்றைக்கு இந்த ஒரு வரிதான். அதற்கு முந்தைய வாரங்களை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழனன்று ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேரின் வலது பாதத்தைப் பங்குச் சாமியார் கோவிலில் கழுவுவார். அந்த ஆண்டு அண்ணனையும் சேர்த்திருந்தார்கள். அப்பாவுக்குக் கடைசிவரை கிடைக்காத இடம் அது. ஆனால் தவக்காலம் தொடங்கிய கையோடு அண்ணனுடைய வலது கணுக்காலைச் சுற்றிக் கரப்பான் படை கிளம்பியது. சொறிந்து சொறிந்து நீர் கசிந்தது. ஊரே பார்க்க அந்தக் காலை எப்படி நீட்டுவது? வேறு ஆளைப் போடச் சொல்லிவிடலாம் என்றிருந்தார்.

கடத்தூர் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். காலைப் பார்த்தவர், “வெளிக்கி ஒழுங்கா போறீங்களா?” என்று கேட்டார்.

அண்ணன் விழித்தார். “அரிப்பு காலுலதாங்க.”

“தெரியுதுங்க. கேட்டதுக்குச் சொல்லுங்க.”

“வாரத்துல ரெண்டு நாளுங்க. நோம்பு பாருங்க, சுத்தபோசனம்.”

“அப்படின்னா?”

“கறி தொடறதில்லீங்க. வெறும் கருவாடுதான்.”

டாக்டர் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டுக் கணக்கில் மீன் கறியில் சேராது. ஆகவே தவக்காலம் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு, இல்லாவிட்டால் வறுவல். காய், கீரை பக்கம் அண்ணன் திரும்பமாட்டார். சிலருக்குக் கருவாடு அரிப்பைக் கிளப்பும், வயிறும் கட்டிக்கொண்டால் கூடலாம் என்று சொல்லி, டாக்டர் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

“கறியும் இல்ல, கருவாடும் இல்லன்னா மண்ணையா திங்கறது?” அண்ணன் வீட்டில் சத்தம் போட்டார்.

“கீர திங்கக் கூடாதுன்னு ஆண்டவரு எங்கியும் சொல்லல,” என்றார் அண்ணி. “இந்த வருசமாச்சும் நெசமா நோம்பு இருங்க.”

இருந்தார். களி, முருங்கைக்கீரை, மோர். முதலில் வயிறு இளகியது. பிறகு மெல்ல மெல்லக் கால் காய்ந்தது. பெரிய வியாழனன்று கருத்த தழும்பு மட்டும் மிச்சம். சாமியார் தண்ணீர் ஊற்றித் துடைத்து, குனிந்து உதடு பதித்து அந்தக் காலை முத்தி செய்தார். அண்ணன் நிமிரவே இல்லை.

குணமானது வயிற்றாலா, கருவாடு நின்றதாலா, களிம்பாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் கருவாடு திரும்பி வந்தது. கூடவே கரப்பானும் வந்தது என்கிறார் அண்ணி. வரவே இல்லை என்று அண்ணன் சாதிக்கிறார். என் டைரியில் அதுபற்றி ஒன்றுமில்லை. இன்றுவரை உறுதிப்படாத செய்தி.